காலியாக விட்ட வரி

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எங்கள் மாடியில் சத்தம் அடங்கிவிடும். அப்போதுதான் அடுத்த வாரத்து ஆள் கணக்கைத் திறப்பேன். இடப்பக்கம் பெயர்கள், மேலே வாரங்கள், கட்டங்களுக்குள் சதவீதம். யாருக்காவது நூறைத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவந்துவிடும். போன வாரம் ஒரு பையனின் பெயருக்கு நேரே 125 என்று சிவந்து நின்றது. ஒரு புராஜெக்டில் பாதி, இன்னொன்றில் பாதி, மூன்றாவதில் 'கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க' என்று கால் பங்கு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரிந்த தேங்காய்ப்பாலின் வாசனை வந்தது. சோழிங்கநல்லூரில், ஏழாவது மாடியில், ஏசி ஓடுகிற அறையில் அந்த வாசனை வருவதற்கு வழியே இல்லை. எனக்கு வந்தது.

பெரியப்பா தவசிப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீட்டுச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வோம். பாளையங்கோட்டையில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவு. அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது நான் எட்டாம் வகுப்பு. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால், விளக்கு வைத்த பிறகு, "ஏட்டி, அந்த நோட்ட எடுத்துட்டு வா" என்று கூப்பிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பென்சில்தான். பேனா எடுத்தால் கோபம் வரும். "ஆள மாத்துனா அடிச்சு எழுதணும். அடிச்ச பேரப் பாத்தா அவன் மனசு சங்கடப்படும்" என்பார்.

அவருடைய பத்தொன்பது ஆட்களும் எனக்குப் பெயராகப் பழகினவர்கள். காய் நறுக்குகிறவர்கள், தேங்காய் துருவுகிறவர், கிரைண்டர் பார்க்கிற பையன், பட்சணக்காரர், சாதம் வடிக்கிறவர், சொதிக்காரர், பந்தி விசாரிக்கிறவர்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் அவர்கள் வளவுக்கு வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதற்கு உதவுவார்கள். ஊரில் வயல் வைத்திருந்தவர்கள் வயலுக்குப் போவார்கள். ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும், ஒரே நாளில் மூன்று வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வரும். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது. இன்றைக்கு நான் பார்க்கிற வேலையிலும் மார்ச் 31 என்று ஒரு முகூர்த்தம் இருக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் எல்லா வாடிக்கையாளருக்கும் எல்லாம் வேண்டும்.

எழுதும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பெரியப்பா ஆளை வைத்து ஆரம்பிக்க மாட்டார், வேலையை வைத்துத்தான் ஆரம்பிப்பார். லட்டும் அதிரசமும் இரண்டு நாள் முன்னாலேயே செய்துவைக்கலாம். அதனால் பட்சணக்காரர் திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று போகலாம். காய் நறுக்குகிறவர்கள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்தால் ஒரு மணிக்கு முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஆனால் அடுப்படியில் நிற்கிறவர் அசையக் கூடாது. குழம்பு இறங்கும்வரை அவர் அந்த வீட்டு ஆள். யாரை மாற்றலாம், யாரை மாற்றக் கூடாது என்பது ஆளின் திறமையைப் பொறுத்தது அல்ல, கையில் இருக்கிற வேலை எந்த இடத்தில் அறுபடும் என்பதைப் பொறுத்தது. பிரெட்ரிக் புரூக்ஸ் 1975-ல் எழுதிய 'தி மித்திக்கல் மேன் மந்த்' புத்தகத்தை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு படித்தேன். அவர் ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற பெரிய மென்பொருள் வேலையை நடத்தியவர். எல்லா வேலையையும் ஆள் கணக்கில் பங்கு போட முடியாது, தாமதமான வேலைக்குக் கூடுதல் ஆளை அனுப்பினால் இன்னும் தாமதமாகும் என்று அதில் சொல்கிறார். படித்து முடித்த அன்று ஊருக்கு போன் போட்டேன். பெரியப்பாவுக்குக் காது கேட்பது குறைந்திருந்தது. "நல்லா இருக்கியா, சாப்ட்டியா" என்பதோடு முடிந்துவிட்டது.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கூட்டல் கழித்தலெல்லாம் என் சின்ன வயதுக் கையெழுத்து.

அந்த நோட்டில் ஒரு பக்கம் வைகாசி மாதத்தது. திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாணம், பாளையங்கோட்டையில் முந்தின நாள் நடந்த கல்யாணத்துக்கு மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி இல்லாமல் முடியாது. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும் கூட வர வேண்டும். இந்த இரண்டுக்குமே ஆள் சரியாக இருந்தது. கடைசி நேரத்தில் மீனாட்சிபுரத்தில் பழைய சிநேகிதர் வீட்டு விசேஷம் ஒன்று வந்து சேர்ந்தது. பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை. டவுனுக்கு என்று எழுதியிருந்த சமையல்காரரை அங்கே அனுப்பிவிட்டு, சொதிக்காரரை டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் பொதுவாக எழுதச் சொன்னார். அடுப்படியில் நிற்கிற ஒருவர் பெயரை இரண்டு வீட்டுக்கு எழுதியது அன்றைக்குத்தான். நான்தான் எழுதினேன்.

விடியற்காலையிலிருந்து அந்த மனிதர் ஒரு டிவிஎஸ் 50 வண்டியின் பின்னால் உட்கார்ந்து, 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தை நாலு தடவை தாண்டினார். டவுனில் ரசம், பாளையங்கோட்டையில் பாசிப்பருப்பு, மறுபடி டவுனில் பாயசம். பத்தரை மணிக்குப் பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினபோது நான் அங்கே இலைக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் மூன்று பாத்திரத்தில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்தது. மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் எல்லாம் சேர்ந்து கொதிக்க வேண்டும், முதல் பாலை ஊற்றினால் ஒரு கொதி வருவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். முப்பது வருஷம் சொதி வைத்த கை. துணியை அவிழ்த்தார், ஊற்றினார், விறகைத் தள்ளினார். ஊற்றியது முதல் பால். இரண்டாம் பால் என்று நினைத்து நன்றாகக் கொதிக்கவிட்டார்.

முதலில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து பளபளத்தது. அப்புறம் வெள்ளை வெள்ளையாகத் திப்பி மிதந்தது. துடுப்பை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்த்தார். திரும்ப விட்டுத் தூக்கினார். ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா வந்து அண்டாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"கை இங்கதான் இருந்துச்சு அண்ணாச்சி. நெனப்பு டவுன்ல கெடந்துச்சு" என்றார் சொதிக்காரர்.

பெரியப்பா திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுப் பெரியவரிடம் போய், "தப்பு எம் பேர்ல" என்று சொன்னார். பந்தி விசாரிக்க வந்தவர்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து மறுபடி தேங்காய் உடைத்தார்கள், துருவினார்கள், பிழிந்தார்கள். ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் பந்தி போட்டார்கள். அந்த வேளைச் சாப்பாட்டுக்குக் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார். அதைக் கவன எச்சம் என்று தமிழில் சொல்லலாம். மென்பொருள் வேலைகளைப் பற்றி எழுதிய ஜெரால்டு வெயின்பர்க் அதற்கும் முன்னாலேயே ஒரு தோராயக் கணக்குக் கொடுத்திருக்கிறார்: ஒருவருக்கு இரண்டு வேலை கொடுத்தால் வேலைக்கு நாற்பது சதவீதம்தான் கிடைக்கும், இருபது சதவீதம் மாறி மாறிப் போவதிலேயே கரைந்துவிடும். மூன்று கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இருபதுதான், நாற்பது வீண். அவரே அனுபவத்தில் சொன்ன கணக்கு என்பதால் எண்ணைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். அண்டாவில் மிதந்த திப்பியை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அதையே செய்தேன். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்களின் நேரத்தில் 95 சதவீதம் பில் ஆக வேண்டும் என்று இலக்கு. எந்தப் புராஜெக்டும் இல்லாமல் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் வாராவாரம் கேள்வி வரும். டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண்ணை மூன்று புராஜெக்டில் பிரித்து எழுதினேன். மூன்றிலும் தினமும் அரை மணி நேர மீட்டிங். வாரத்துக்கு ஏழரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு முழு நாள், பேச்சிலேயே போய்விட்டது. அந்த நாள் என் கணக்கில் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவள் ராத்திரியில் உட்கார்ந்து அதை ஈடுகட்டினாள். ஒருநாள் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நாளைக்கு நான் யாரோட ஆளு?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

சொதி திரிந்ததற்கு அடுத்த முகூர்த்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிற தாத்தா வந்தார். பழைய சமையல்காரர், வயதானவர். எந்த வீட்டுக்கும் எழுதாமல் அவர் பெயரை மட்டும் எழுதச் சொன்னார் பெரியப்பா. அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். எங்காவது ஒரு ஆளுக்குக் காய்ச்சல், எங்காவது எதிர்பார்த்ததற்கு மேல் இருநூறு பேர் வந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். வராவிட்டால் காலையில் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். சம்பளத்தைக் கூட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"பெரியப்பா, அவரு ஒண்ணுமே செய்யலையே?"

"அவன் சும்மா இருக்கான்னா மத்தவன்லாம் நிதானமா வேலை பாக்கான்னு அர்த்தம் ட்டி."

இதை எனக்குக் கணக்காகப் புரியவைத்தவர் ஏர்லாங். டென்மார்க்காரர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1909-ல் இந்தக் காத்திருப்புக் கணக்கை ஆரம்பித்துவைத்தார். நான் அதை எங்கள் கிரைண்டரை வைத்து யோசிப்பேன். ஒரே கிரைண்டர். தேங்காய், உளுந்து, மசாலா என்று நேரம் காலம் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது, அரைபடும் நேரமும் ஈட்டுக்கு ஈடு மாறுகிறது. கிரைண்டர் 80 சதவீத நேரம் ஓடினால், வருகிற ஒரு ஈடு சராசரி அரைப்பு நேரத்தைப் போல் சராசரியாக நாலு மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் ஓடினால் ஒன்பது மடங்கு. 95 ஆனால் பத்தொன்பது மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்து எடுக்கப்போய்க் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. மனிதர் கிரைண்டர் இல்லை, இன்னும் மோசமாகத்தான் இருக்கும். நான் 95 வைத்து ஆட்களை ஓட்டிய அந்த வருஷங்களில் எந்த வேலையும் சொன்ன தேதிக்கு முடியாததற்குக் காரணம் தேடி எத்தனை மீட்டிங் போட்டிருப்போம்!

இப்போது என்னிடம் பன்னிரண்டு பேர். யாரையும் இரண்டுக்கு மேல் எழுதுவதில்லை. இரண்டு என்றாலும் ஒரே நாளில் மாற்றுவதில்லை, வாரம் ஒன்று என்று பிரிக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று போடாமல் ஆறு என்று போடுகிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யார் யார் ஊருக்குப் போவார்கள் என்று முன்னாலேயே கேட்டு எழுதிவைக்கிறேன். பன்னிரண்டில் ஒருவரை எந்த வேலைக்கும் எழுதுவதில்லை. இதற்காக ஒவ்வொரு மாதமும் மேலே போய்ப் பேச வேண்டியிருக்கிறது. 'அந்த ஆள் என்ன செய்கிறார்' என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறார்கள். நான் பதின்மூன்று வயதில் கேட்ட கேள்வி என்பதால் எனக்குக் கோபம் வருவதில்லை.

போன வாரம் சிவந்து நின்ற அந்தப் பையனையும் 125-லிருந்து இறக்கினேன். மூன்றாவது புராஜெக்ட்காரரிடம் அடுத்த திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன். இரண்டாவதிலும் அவனை எடுத்துவிட்டு, பன்னிரண்டாவது ஆளை அங்கே அனுப்பினேன். அதனால் இந்த வாரம் என் திண்ணை காலி. அது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். சொதி திரிந்த அந்த வருஷத்து ஆவணி மாதப் பக்கம். மூன்று வீட்டின் பெயர், அவற்றுக்குக் கீழே ஆட்களின் பெயர்கள். கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கிற தாத்தாவின் பெயர். அதற்கு நேரே நான் ஒரு கோடு இழுத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளைகளுக்கு டீச்சர் போடுகிற மாதிரி. பெரியப்பா நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோடு போடாத. காலியா விடு" என்றார். ரப்பரால் அழித்தேன். அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் பஞ்சு மாதிரி எழும்பியிருக்கிறது. விரலால் தடவினால் இப்போதும் தெரிகிறது.