பிள்ளைமேல் வீண்பழி

இராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காந்தியடிகள், ஒரு சனிக்கிழமை மாலை 4 மணி உடற்பயிற்சிக்குப் பிந்திச் சென்றார். கையில் கடிகாரமில்லை, வானமோ மேகமூட்டம். உண்மையைச் சொல்லியும் தலைமையாசிரியர் நம்பவில்லை, தண்டம் விதித்தார். பொய்யன் என்ற பழியே சிறுவரைத் தேம்பி அழவைத்தது. குற்றமின்மையை நிறுவ அவருக்கு வழியில்லை. 1925-இல் தன்வரலாறு எழுதப் புகுந்தபோதும் அவ்வேதனையை அவர் மறக்கவில்லை.

அவ்வழியைத் திறந்து வைப்பது பெரியோர் கடன். சூசன்னாமீது பழி சுமத்திய முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எம்மரத்தடியில் கண்டீர் என வினவினார். விடைகள் முரண்பட்டன, மாசற்றவள் உயிர் பிழைத்தாள்.

பொதட்டூர்பேட்டை நெசவாளராகிய நாம், இழை அறுந்தால் பாவையே அறுத்தெறிவதில்லை. அறுந்த இடம் தேடி முடிச்சிடுகிறோம். தேர்வில் பார்த்து எழுதினான் என்று நம் மகன்மீது பழி விழுந்தபோதும் அவ்வாறே செய்தோம். கை ஓங்காமல் அவன் சொன்னதை முழுதும் கேட்டோம். மறுநாள் ஆசிரியரைப் பணிவுடன் அணுகி, அதே கணக்குகளை அவர் முன்னிலையில் அவன் மீண்டும் போட வாய்ப்பு வேண்டினோம். ஒன்று விடாமல் போட்டுக் காட்டினான்.

நியாயம் கேட்பது தாழ்ச்சிக்கு மாறன்று. தலைமைக் குருவின்முன் அறையுண்ட இயேசுவும், பகை பாராட்டாமல், அடித்ததற்குக் காரணம் கேட்டாரன்றோ? நம் பிள்ளைகளும் அங்ஙனமே கேட்கப் பழகுவார்களாக.