கடைமடை

உடன்பிறந்தாரைக் காணச் செல்வதற்கும் ஒரு காரணம் தேட வேண்டிய நிலைக்கு நகர வாழ்க்கை நம்மை ஆளாக்கிவிட்டது. கடந்த ஆனி மாதத்தில் நாம் வீரபாண்டிக்குச் சென்றது பாசத்தால் மட்டும் அன்று. மகளின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. தந்தையார் விட்டுச் சென்ற நஞ்சையில் நம் பங்கை விற்றுவிடலாம் என்னும் எண்ணத்தோடுதான் புறப்பட்டோம்.

மதுரை–தேனி இரயில், பாதையை அகலமாக்கும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, 2022 மே 26 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. அதில் தேனி சென்று, கம்பம் சாலையில் பேருந்து ஏறி வீரபாண்டியில் இறங்கினோம். “வாங்கண்ணே” என்று பையை வாங்கிக்கொண்டான் தம்பி. அவன் தலை நம் தலையினும் நரைத்திருந்தது.

மாலையில் வயலுக்குச் சென்றோம். அணை திறந்து சில வாரங்களே ஆகியிருந்தமையால் முல்லையாறு நிறைந்து ஓடியது. மேற்கே பாய்ந்த பெரியாற்றை மறித்து, மலைச் சுரங்கத்தின் வழியே நீரைக் கிழக்கே திருப்பிய அணை 1895இல் நிறைவுற்றது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அந்நீரையே நம்பியுள்ளன. அணையைக் கட்டிய பென்னி குயிக்கின் பிறந்த நாளான சனவரி 15 அன்று இப்பகுதி உழவர் இன்றும் அவருக்குப் பொங்கல் வைக்கின்றனர். நீர் தந்தவரை அவர்கள் மறக்கவில்லை.

நாற்றங்கால் பச்சைப் பட்டு விரித்தாற்போல் கிடந்தது. அதற்கு அப்பால் மனைக்கற்கள் நட்ட நிலமொன்று தெரிந்தது. நாம் சொல்லத் தயங்கியதைத் தம்பியே எடுத்துக் கொடுத்தான்.

“நெலத்தப் பத்திப் பேசத்தானண்ணே வந்தீக? உங்க பங்கு தலைமடை. வித்தா மனை போட்டுருவாங்க. வாய்க்காலும் அதோட நின்னுரும். எம் பங்கு கடைமடை. ஆனாலும் நீங்க சொன்னா கையெழுத்துப் போட்டுருவேன்.”

அவன் குரலில் குறை ஏதும் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. தந்தையார் மறைந்தபோது நாம் கல்லூரியில் முதலாண்டு. அவன் பத்தாம் வகுப்பு. இருவரையும் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. அவன் புத்தகத்தை மூடிவிட்டு ஏர் பிடித்தான். இவ்வயலின் நெல்லே நம் விடுதிக் கட்டணமாயிற்று. அன்றும் நாமே தலைமடை. வந்த நீர் முழுவதையும் நாமே பருகினோம். கடைமடைக்கு எட்டியதா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இரவு உணவின்போது அப்பேச்சை எவரும் எடுக்கவில்லை. தம்பி மனைவி பரிமாறிய சோறு அவ்வயலில் விளைந்தது. விடியற்காலையில் தம்பி மண்வெட்டியுடன் மடை திறக்கப் புறப்பட்டான். நாமும் உடன் சென்றோம். நம் பங்கைக் கடந்து அவன் பங்கில் நீர் புகும்வரை வரப்பிலேயே நின்றோம். “பத்திரம் இருந்தபடியே இருக்கட்டும்” என்றோம். அவன் குனிந்து மடையைச் சரிசெய்தானேயன்றி மறுமொழி கூறவில்லை.

பணத்தேவை இன்னும் தீரவில்லை. கடன் வாங்கியே அடைக்க வேண்டும். ஆயினும் அது நம் தோள் சுமக்க வேண்டிய சுமை. தம்பியின் வாய்க்கால் சுமக்க வேண்டியதன்று.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் உங்கள் இல்லத்தின் தலைமடையில் நிற்பவர்கள். கல்லூரியில் நீங்கள் அமர்ந்திருக்கும் இவ்வேளையில், எங்கோ ஒரு தம்பியோ தங்கையோ தன் பங்கு நீரை உங்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கக்கூடும். விடுமுறையில் ஊருக்குச் சென்றால், கடைமடைவரை ஒருமுறை நடந்து பாருங்கள்.