இரண்டு சுற்று

காலையில் சாவியைத் திருகியதும் கார் எழுந்துவிடும். பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் கிளம்பாது. ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். என்னுடையது 1990-ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டர்போ வைத்தது. ரோட்டரி எஞ்சின் பழகிய யாரிடம் இதைச் சொன்னாலும், பானெட்டைத் திறக்காமலே கம்ப்ரஷன் போய்விட்டது என்பார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் பேட்டரியை மாற்றினேன், ஸ்டார்ட்டரை மாற்றினேன், இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். சோதித்துப் பார்த்தால் ஏன் போயிற்று என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல், மேற்கு சிட்னியில் எங்கள் வீட்டு கராஜில் கீழ் வரிசை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மனைவியைச் சாவி திருகச் சொன்னேன். நல்ல ரோட்டார் மூன்று சமமான மூச்சு விடும்: புஃப், புஃப், புஃப். என் எஞ்சினின் இரண்டு ரோட்டார்களில் முன்னது விட்டது. பின்னது ஒரு புஃப். பிறகு நீர்த்துப்போன இரண்டு ஹுஸ். மறுபடி ஒரு புஃப். “ஏன் நொண்டுது?” என்றாள் அவள், உள்ளே இருந்தபடியே.

இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. ஆட்டுக்கல்லில் குழவி குழியின் ஓரத்தைத் தடவியபடி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான் ரோட்டார், இந்தக் குழவி மூன்று முனை கொண்டது, குழி இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டம். குழவி ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ஒவ்வொரு முனையிலும் 2 மி.மீ. தடிமனில் ஒரு தகடு, அபெக்ஸ் சீல், சுவரை அழுத்திக்கொண்டே ஓடும். ஒரு முனை இரண்டு அறைகளுக்குப் பொதுச் சுவர். அதனால்தான் ஒரு சீல் போனால் இரண்டு மூச்சு போகிறது.

இந்தத் தகட்டோடு மல்லுக்கட்டியே மாஸ்டா பல ஆண்டுகளைக் கழித்தது. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்எஸ்யு கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சினுக்கு 1961-இல் மாஸ்டா உரிமம் வாங்கியது. ஓட்டிப் பார்த்தால் உள்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல். கெனிச்சி யாமாமோட்டோவின் குழுவில் அதற்குப் ‘பிசாசின் நகக்கீறல்’ என்று பெயர். கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் செய்துதான் தப்பித்தார்கள். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் தெருவுக்கு வந்தது. அந்தப் பொறியாளர்கள் பிசாசைக் குறை சொன்னதிலாவது ஒரு நியாயம் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி நியூசிலாந்துக்காரப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் ரோட்டரி கட்டியவர். எஞ்சினை இறக்கிய அன்று வந்து சுற்றிப் பார்த்தார். டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயில், கட்டைவிரல் அளவு பித்தளை வால்வு ஒன்றைத் தொட்டு, இது யார் போட்டது என்று கேட்டார்.

அதைப் போட்டது நான். அந்தக் குமிழை இறுக்கினால் டர்போ இன்னும் பலமாகக் காற்றை ஊதும். ஒரு சுற்று திருகினேன், கார் பாய்ந்தது. இன்னொரு சுற்று திருகினேன். கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகிறதா என்று பார்க்கவில்லை. நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஒரு இரவு, தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். ஒரு விநாடிதான். பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

“முன்னே வச்சிருந்தவர் போட்டது” என்றேன் பெரியவரிடம். அவர் தலையாட்டினார். இடுக்கியால் கிளிப்பைத் தளர்த்தி, வால்வை உருவி, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்படியானால் இது உனக்குத் தேவைப்படாது என்றார். எனக்கு வாய் எழவில்லை. கராஜ் வாசலில் நின்ற மனைவியும் எதுவும் சொல்லவில்லை. அந்த வால்வு வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவள்.

ஃப்ளைவீலைப் பிடித்திருந்த 54 மி.மீ. நட்டைக் கழற்ற ஆளுயரக் குழாயும் இரண்டு பேரின் எடையும் தேவைப்பட்டன. அதன் பிறகு எளிது. டிபன் கேரியர் போல ஐந்து அடுக்கு. 18 நீண்ட போல்ட்டுகள்தான் கம்பிகள். பின் அடுக்கைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. ஒரு அபெக்ஸ் சீலின் மூலை தெறித்திருந்தது. தெறித்த துண்டு குரோம் பூசிய சுவரைக் கீறிவிட்டு, புகைவழியாக வெளியேறி, டர்போவின் இறக்கையிலும் ஒரு பல்லைப் பெயர்த்திருந்தது. பெரியவர் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு முந்திக்கொண்டு அடித்தால் இப்படித்தான் உடையும், சத்தம் கேட்டிருக்குமே என்றார். இல்லை என்றேன். பொய்க்கு இரண்டாவது சுற்று.

சுவரடுக்கு புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கீறலில்லாத பழையது ஒன்று கிடைத்தது. சீல்கள் புதிது. அதில் என்னை உட்காரவைத்தது சைடு சீல். 12 உண்டு, ஒவ்வொன்றும் வளைந்த நூல் போன்ற இரும்பு. அதனதன் பள்ளத்தில் வைத்து, முனையை அரத்தால் ராவி, மூலைச் சீலுக்கும் அதற்கும் நடுவே 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி வரும்வரை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். நான்கு இழுப்பு போதாது, ஐந்தாவது அதிகம். இரண்டைப் பாழாக்கினேன். மூன்று இரவு ஆயிற்று. திருகிவிட்டுப் பார்ப்பதற்கு இதில் எதுவும் இல்லாதது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

வாசலினைப் பசையாக்கிச் சீல்களை ஒட்டி அடுக்கிவிட்டு, எஞ்சினை மூக்கு மேலே பார்க்க நிறுத்தினேன். முன் போல்ட்டை இறுக்கும் முன்பே வசதிக்காக அதைப் படுக்கவைத்தேன். ஷாஃப்ட் இறுக்கமாகச் சுற்றியது. புது சீல், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டயல் கேஜோடு வந்த பெரியவர், அளந்தாயா என்றார். ஷாஃப்ட் முன்னும் பின்னும் 0.04 முதல் 0.07 மி.மீ. அசைய வேண்டும். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்: அளக்கவில்லை. முள் அசையவே இல்லை. முன்மூடியைத் திறந்தால், ஊசி பியரிங் இடம் நழுவி, நடுவே மாட்டி நசுங்கிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் அவ்வளவு வேலையும் வீண்.

பியரிங் வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் தினம் சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கமாக நடந்தேன். கடைசி நாள்தான் கதவைத் தட்டி, வால்வு என்னுடையது என்றேன். சத்தம் கேட்டதையும் சொன்னேன். தெரியும் என்றார். அதில் தூசி இல்லை, கிளிப் புதுசு. வேறெதுவும் கேட்கவில்லை, ஆனால் மறுநாள் வந்து பெட்ரோல் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதிக்க எடுத்துப் போனார். ஒன்று பாதி அடைத்திருந்தது. முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பார்.

எஞ்சின் எழுந்தபோது வாசலினும் ஆயிலும் எரிந்து தெருவே வெள்ளையாயிற்று. மனைவி ஜன்னல்களைச் சாத்தினாள். முதல் 1500 கி.மீ. டர்போ எழும்பாமல், பால் வண்டி மாதிரி ஓட்டினேன். பிறகு திரும்பவும் பிளக்கைக் கழற்றிக் கேட்டோம். ஆறு மூச்சும் சமம்.

பித்தளை வால்வு அவர் கராஜில், வைஸுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்குகிறது. ஸ்பேனர் கடன் வாங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். குமிழ் இன்னும் அதே இரண்டு சுற்றில்தான் இருக்கிறது.