பொகவந்தலாவையில் ஒரு போட்டோப் பாட்டி

இலங்கைக்குப் போகிறவர்கள் கண்டியையும் நுவரெலியாவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் ஹட்டனில் ரயிலை விட்டிறங்கி, நோர்வுட் வழியாகப் பொகவந்தலாவைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். திரும்பின பக்கமெல்லாம் தேயிலை; காதில் விழுவதெல்லாம் தமிழ். அங்கே செயிண்ட் மேரி தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற சீமாட்டியின் கல்லறை இருக்கிறது.

யார் இந்த அம்மாள் என்கிறீர்களா? 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863-ல், பொழுது போகட்டுமே என்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அப்போது வயது 48. நம் வீடுகளில் என்றால் ஜபமாலை கொடுத்திருப்போம்!

அம்மாள் கோழிகளை விரட்டிவிட்டுக் கோழிக் கொட்டிலை ஸ்டூடியோ ஆக்கினார். நிலக்கரி அறை இருட்டறை ஆயிற்று. அன்று போட்டோ என்பது பட்டனைத் தட்டுகிற சமாசாரமா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்துக் கழுவியாக வேண்டும். அப்புறம் அதைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். காகிதத்துக்குப் பூச்சு என்ன தெரியுமோ? முட்டையின் வெள்ளைக்கரு! ஈரத் தகட்டைக் கணவரிடம் காட்டச் சாப்பாட்டு அறைக்கே ஓடுவாராம். மேஜை விரிப்பெல்லாம் கறுப்புக் கறை. அந்த மனிதர் கோபிக்கவில்லை, ரசித்தார்.

படங்கள் மங்கல் என்று போட்டோ நிபுணர்கள் பரிகசித்தார்கள். எனக்கோ அந்த மங்கலில்தான் முகம் மூச்சு விடுவதாகத் தோன்றுகிறது. கவிஞர் டென்னிஸன், விஞ்ஞானி டார்வின் எல்லோரும் அவர் முன் உட்கார்ந்தார்கள். வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் தேவமாதாவாக நின்றாள். 1865-ல் லண்டன் சவுத் கென்சிங்டன் மியூஸியம் அவர் படங்களை விலைக்கு வாங்கிற்று.

1875-ல் தம்பதிகள் தங்கள் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கே வந்துவிட்டார்கள். அங்கேயும் காமிரா சும்மா இருக்கவில்லை. 1879 ஜனவரியில் அம்மாள் காலமானார். மறு வருஷம் கணவரும் பக்கத்திலேயே அடக்கமானார்.

ஒரே ஒரு குறைதான் எனக்கு. 1878-ல் எடுத்த அருமையான படம் ஒன்றின் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர்கள்'. அவ்வளவுதான். வைட் தீவின் வேலைக்காரிக்குப் பெயர் உண்டு, இவர்களுக்கு இல்லை.

தேவாலயத்தை விட்டு வெளியே வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் எதிர்ப்படுவார்கள். காமிராவைத் தூக்குமுன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலேயே பதில் வரும்.