ஒன்பது குழிக் களங்களை உருவாக்குவோர்

பதினெட்டுக் குழிகள் கொண்ட முழுநீளக் கோல்ஃப் களத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. அதன் நீளமும் பெரும்பாலும் 6,000 கஜத்தைத் தாண்டுவதால், எட்டு வயதுக் குழந்தையும் முதன்முறையாக மட்டை பிடிக்கும் தாயும் பாதி வழியிலேயே களைத்துப்போய், பின்னால் வருவோருக்கு வழிவிட்டு ஒதுங்க நேர்கிறது. குடும்பத்தோடு ஆடுவதற்கான ஒன்பது குழிக் குறுங்களங்கள் இக்குறையைப் போக்கவே அமைக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் சிறுவர்களையும் தொடக்க ஆட்டக்காரர்களையும் கருதி 1972-இல் உருவான பால்கோவ் களம் இவ்வகைக்கு நல்ல சான்று. ஆயினும், பெரிய களத்தைச் சுருக்கினாலே சிறிய களம் கிடைத்துவிடும் என்று கருதுவது பிழை; குறுங்களம் தனக்கே உரிய கணக்குகளையும் தனக்கே உரிய கைவேலையையும் கோருகிறது.

அமெரிக்காவின் வட கரோலைனாவில், பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில், 2017-இல் திறக்கப்பட்ட 'தி கிரேடில்' என்ற களத்தின் ஒன்பது குழிகளும் சேர்ந்து 789 கஜம் மட்டுமே நீள்கின்றன. மிகக் குறுகியது 56 கஜம், மிக நீண்டது 127 கஜம். ரியோ ஒலிம்பிக் களத்தை வடிவமைத்த கில் ஹான்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். இத்தகைய களத்தில் தொலைவு ஒரு சோதனையே அன்று என்பதால், ஆட்டத்தின் சுவை முழுவதும் 'கிரீன்' எனப்படும், குழியைச் சூழ்ந்த, புல் மிகக் குட்டையாக வெட்டப்பட்ட பரப்பில் வந்து குவிகிறது. குழி வெட்டும் இடத்தில் சரிவு மூன்று விழுக்காட்டை மிஞ்சினால், வேகமான கிரீனில் பந்து குழியருகே நிற்காமல் உருண்டோடிவிடும். ஆகவே அந்த இடங்களை ஏறத்தாழச் சமமாக வைத்து, விளிம்புகளை மட்டும் உயர்த்தி, தவறிய பந்தும் மெல்ல நடுப்பக்கம் திரும்பிவரும்படி மண்ணை வளைப்பது வடிவமைப்பாளர் கையாளும் வழி. கிரீனின் முன்வாயைத் திறந்தே வைப்பதும் அவ்வாறே: பந்தை உயரத் தூக்கி அடிக்க வலுவற்ற குழந்தை அதைத் தரையோடு உருட்டியே கிரீனைச் சேர்த்துவிடலாம். முன்வாயில் ஒரு மணற்பள்ளத்தையோ நீரோடையையோ வைத்தால் அந்தக் குழந்தைக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இவ்வளைவுகள் வரைபடத்தில் பிறப்பதில்லை. புல்டோசரிலும் சிறிய மண்வாரி எந்திரத்திலும் அமர்ந்து மேடுபள்ளங்களை உருவாக்கும் தொழிலாளி 'ஷேப்பர்' எனப்படுகிறார். அவர் ஓரடி மண்ணைத் தள்ளுவதும், இறங்கி நடந்து கண்ணால் அளப்பதும், மீண்டும் ஏறித் திருத்துவதுமாக ஒரு கிரீனைத் தேடிக் கண்டடைகிறார். ஃப்ளோரிடாவின் விண்டர் பார்க் நகரத்துக்குச் சொந்தமான, 1914-இலிருந்து வரும் ஒன்பது குழிக் களத்தை 2016-இல் புதுப்பித்த கீத் ரெப், ரைலி ஜான்ஸ் ஆகிய இருவருமே ஷேப்பர்களாக உழைத்துப் பழகியவர்கள். ஆதலால் வடிவமைத்த மனமும் எந்திரத்தை இயக்கிய கையும் அங்கே பிரியவில்லை. தெருக்களும் வீடுகளும் சூழ, ஊரின் நடுவே கிடக்கும் அக்களம் ஏறத்தாழ 2,500 கஜம் நீளமுடையது. நெடுந்தொலைவு அடிப்போருக்கும் அதன் கிரீன்கள் எளிதில் பணிவதில்லை என்பதே அந்த உழைப்பின் வெற்றி.

ஷேப்பர் விலகிய பின் பராமரிப்பாளரின் வேலை தொடங்குகிறது, அது ஒருநாளும் முடிவதில்லை. ஆட்டக்காரர் வருமுன்பே பனி படர்ந்த கிரீனில் புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுவதும், மணற்பள்ளங்களை வாரிச் சமன்செய்வதும், நாலேகால் அங்குல விட்டமுள்ள குழியைத் தூர்த்து வேறிடத்தில் புதிதாக வெட்டுவதும் அவர்களுடைய வழக்கமான பணிகள். குழியை இடம் மாற்றாவிட்டால் ஒரே இடத்தில் கால்கள் மிதித்துப் புல் தேய்ந்துவிடும். குறுங்களத்துக்கே உரிய இன்னொரு துன்பமும் உண்டு. முதல் அடி அடிக்கும் சமதரை 'டீ' எனப்படுகிறது. நீண்ட குழிகளில் அங்கே பந்து மரக்குச்சியின் மேல் வைக்கப்பட்டுப் பெரும்பாலும் நெடுந்தூர மட்டையால் அடிக்கப்படுவதால் தரை அதிகம் சிதையாது, ஆனால் குறுங்களத்தில் ஏறக்குறைய எல்லோரும் இரும்பு மட்டையையே எடுப்பதால் ஒவ்வொரு அடியிலும் ஒரு துண்டுப் புல் பெயர்கிறது. அக்காயங்களில் மணலும் விதையும் இட்டு ஆற்றுவதற்குக் காலம் வேண்டும். எனவே களம் சிறிதானாலும் டீயின் பரப்பு பெரிதாக இருப்பதே முறை. இதைத் திட்டமிடும்போதே உணராத களங்களில் டீக்கள் விரைவில் வெறுமண்ணாகிவிடுகின்றன.

பாதுகாப்பும் அவ்வாறே முன்கூட்டி எண்ணத் தக்கது. வலக்கைப் பழக்கமுள்ள தொடக்க ஆட்டக்காரர் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்புறமாகவே வளைந்து போவதால், சாலையும் வீடுகளும் இடப்புறம் அமையுமாறு குழிகளின் போக்கை வகுப்பது அறிவுடைமை; நெருங்கிய இரு குழிகளுக்கிடையில் மரவரிசையோ மண்மேடோ வைப்பதும் இன்றியமையாதது.

குடும்பக் களம் ஒன்றை அமைக்க முன்வரும் நகராட்சியும் மன்றமும் முதல் வரைபடம் வரையும் நாளிலேயே ஷேப்பரையும் பராமரிப்பாளரையும் அழைத்து, டீயின் பரப்பையும் கிரீனின் சரிவையும் அவர்களிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.