புழுதி விதைப்பு

கோவில்பட்டிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பதுண்டு. இதனைப் புழுதி விதைப்பு என்பர். 1901-இல் இங்கு நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் விதைக்கும் காலத்தைக் கணித்துக் கூறும். மழையை வரவழைக்க அதனாலும் இயலாது.

ஓராண்டு மழைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். மூன்றாம் நாள் மழை பொழிந்தது. "சாமி செபத்துக்குக் கெடச்ச மழை" என்றனர் மக்கள். மறுக்காமல் உள்ளூர மகிழ்ந்தேன்.

மறு ஆண்டும் அவ்வாறே செபித்தேன். மழை பொய்த்தது; சிறுதூறலில் தலைகாட்டிய பயிரும் கருகியது. வெட்கி நின்ற என்னிடம் முதியவர் ஒருவர், "விதைக்கிறது நம்ம பாடு, சாமி. வெளைய வைக்கிறது ஆண்டவரு பாடு" என்றார்.

வளரச் செய்பவர் இறைவனே எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். அன்றுதான் அதனைக் கற்றேன்.

இவ்வாண்டும் அம்முதியவர் புழுதியில் விதைத்திருக்கிறார். நானும் செபிக்கிறேன், மழை என்னுடையதன்று என்னும் தெளிவோடு.