பிடிபடாத சொல்

பிற மாநிலங்களில் மக்களை வளர்க்கும் நம்மவருள் சிலர், வீட்டில் தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் தானே வளரும் என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஒரு சொல்லைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

ஏழாம் வகுப்பில் பயிலும் என் பெயர்த்தி, தன் பாடநூலில் ‘இன்காம்ப்ரிஹென்சிப்ளி’ என்னும் வினையடையைக் கண்டு மலைத்தாள். ஆங்கிலத்தில் அதற்கு 16 எழுத்துகள்! நெட்டுருப் போடத் தொடங்கியவளிடம், “ஏனம்மா, ஞாயிறுதோறும் நாம் பதம் பிரிக்கிறோமே, அதுபோல் இதையும் பிரித்துப் பாரேன்” என்றேன்.

பவணந்தி முனிவரின் நன்னூல், பகுபதத்திற்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என 6 உறுப்புகள் கூறும். அம்முறையிலேயே நோக்கினோம். நடுவில் நிற்கும் ‘ப்ரிஹென்ஸ்’, பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் பகுதி. முன்னுள்ள ‘காம்’ அதனை வலியுறுத்தும். ‘இபிள்’ இயலும் என்னும். முதலில் நிற்கும் ‘இன்’ அதனை மறுக்கும். ஈற்றிலுள்ள ‘லி’ மட்டும் இலத்தீன் அன்று. உடல், வடிவம் எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லோடு உறவுடைய விகுதி. மரம், வேர் என்பன மரவேர் எனப் புணருங்கால் மகரம் கெடுவதுபோல், ‘இபிள்’ என்பதோடு ‘லி’ சேருமிடத்து இரண்டு எழுத்துகள் கெட்டன.

“அப்படியானால் பற்ற முடியாதபடி என்று பொருளா, தாத்தா? நாம் பிடிபடவில்லை என்கிறோமே, அதுவா?” என்றாள். அதுவேதான். கையால் பற்றுவதையே அறிவதற்கும் சொல்லாக்கியதில் இலத்தீனும் தமிழும் ஒத்திருக்கின்றன.

ஒலிப்புக்கு வழி வேறு. பொருள்நோக்கிப் பிரிக்குமிடமும் நாநோக்கிப் பிரிக்குமிடமும் ஒன்றல்ல. இன்-காம்-ப்ரி-ஹென்-சி-ப்ளி என 6 அசைகள். நான்காவதாகிய ‘ஹென்’ மீது முதன்மை அழுத்தம். ‘காம்’ மீது சிறிதளவு. ஏனையவை விரைந்து மெலியும். நாமோ அசைகளை ஏறத்தாழச் சமமாக ஒலித்துப் பழகியவர்கள். ஆதலின் இதற்குச் செவிப்பயிற்சியே வேண்டும். மேசையில் தாளமிட்டு, நான்காம் தட்டை மட்டும் ஓங்கித் தட்டச் செய்தேன். மூன்றாம் முறையில் சொல் தடையின்றி வந்தது.

சொல்லைப் பிரித்தறியும் பழக்கம் அவளுக்கு வீட்டுத் தமிழால் வந்தது. ஆங்கிலத்திற்கும் அதுவே உதவிற்று. ஆகவே, அன்பர்களே, ஆங்கிலத்தின் பொருட்டுத் தமிழை விலக்க வேண்டா. வாரத்தில் அரைமணி நேரமேனும் பிள்ளைகளோடு அமர்ந்து பதம் பிரியுங்கள்.